நூறு வாட்

காலை ஏழு பதினாறுக்கு வருகிறேன் என்று சொன்ன ஆள் ஏழு பதினாறுக்கே வந்தார். அந்த ஒன்றுக்காகவே அவளுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

மற்றவர்கள் ஏழேகால் என்பார்கள், ஏழரைக்கு வருவார்கள். பஸ் டிப்போவில் கால அட்டவணை போடும் பிரிவில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவளுக்கு ஏழேகால் என்பது நேரமே இல்லை, ஒரு ஜாடை. டிரைவர்கள் அவளுக்கு நிமிஷம் என்று பேர் வைத்திருந்தார்கள். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். வசந்தத்தில் அவள் ஓய்வு பெற்ற அன்று முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். கேக்கில்கூட அப்படித்தான் எழுதியிருந்தது.

"ரயில்வே கேட்டை ஏழு மணிக்குத் திறக்கிறாங்க" என்றார் வந்தவர், வேனிலிருந்து இறங்கிக்கொண்டே. "அங்கேர்ந்து பதினாறு நிமிஷம்."

"தெரியும்" என்றாள்.

ஐம்பது வயதிருக்கும். ஒல்லியான ஆள். சுற்றுவட்டாரத்தில் அவரை அளவுக்காரர் என்பார்கள். வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப்பை விற்பவர் வேறு, பொருத்துகிறவர் வேறு. ஒரு வீட்டுக்கு எவ்வளவு பெரிய எந்திரம் வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது மட்டும்தான் இவர் வேலை.

மரவீடு ஏரியை ஒட்டி இருந்தது. இரண்டே அறைகள். முன் அறை பெரியது; ஏரியைப் பார்த்த ஜன்னல், மூலையில் அடுப்பு, சுவரோரம் அவள் கட்டில். பின் அறை சின்னது. அதற்குத் தனியாக ஒரு வாசல், இரண்டு அறைக்கும் நடுவில் ஒரு கதவு. ஏப்ரலில் திறந்து அக்டோபரில் பூட்டுகிற வீடு. பூட்டும்போது குழாய்த் தண்ணீரை வடித்துவிட்டு மெத்தைகளைச் சுவரில் சாய்த்து வைப்பார்கள். இருபது வருஷமாக அப்படித்தான். இந்த வருஷம் அக்டோபர் முடியப்போகிறது; அவள் தண்ணீரை வடிக்கவில்லை.

அளவுக்காரர் முன் அறையின் நடுவில் போய் நின்றார். ஷூவைக் கழற்றினார். சாக்ஸையும் கழற்றினார். கண்ணை மூடிக்கொண்டார். வெளியே ஏரியிலிருந்து பனி எழுந்து ஜன்னல் வரை வந்து நின்றது, உள்ளே வரலாமா என்று கேட்பதுபோல. அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். நான்கு நிமிஷம் ஆயிற்று.

"என்ன தெரியுது?"

"வடக்கு ஜன்னல் பொய் சொல்லுது. மூடின மாதிரி இருக்கு, மூடல." கண்ணைத் திறந்தார். "மத்தபடி நல்ல வீடு. அமைதியான வீடு."

பிறகு டேப்பை எடுத்து அளக்க ஆரம்பித்தார். நீளம், அகலம், உயரம், சுவரின் கனம். எல்லாவற்றையும் ஒரு சின்ன நோட்டில் பென்சிலால் எழுதிக்கொண்டார். அளந்து முடித்ததும் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தார்.

"வருஷத்துல எத்தனை மாசம் இருப்பீங்க?"

"பன்னெண்டு."

"குளிர்லயும்?"

"குளிர்லதான். அதுக்குத்தானே இதெல்லாம்."

"எத்தனை பேர்?"

அவள் ஜன்னலைப் பார்த்தாள். பனி இன்னும் நின்றுகொண்டிருந்தது.

"ஒருத்தர்."

அவர் எழுதினார். "பின் ரூம்?"

"அது மூடித்தான் இருக்கும். டிரைவர் ரூம் அது. அவர் வர மாட்டார்."

"டிரைவர்னா?"

"என் வீட்டுக்காரர்."

அளவுக்காரர் தலையை நிமிர்த்தவில்லை. பென்சில் மட்டும் ஒரு கணம் நின்றது.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கக்கா. இதுல ரெண்டே அளவுதான். முன் ரூம் மட்டும்னா மூணு கிலோவாட் போதும். ரெண்டு ரூமும்னா அஞ்சு."

"எதுக்கும் இருக்கட்டும்னு அஞ்சே வச்சிட்டா?"

"எல்லாரும் கேக்குறதுதான் இது." அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "பெரிசை வச்சு ஒரு ரூமை மட்டும் சூடு பண்ணினா நாலு நிமிஷத்துல வேலையை முடிச்சிட்டு நின்னுடும். ரூம் ஆறும். திரும்ப எந்திரிக்கும். திரும்ப நிக்கும். ரிட்டயர் ஆன மாமனார் மாதிரி உக்காந்து உக்காந்து எந்திரிச்சிட்டே கிடக்கும். அஞ்சாறு வருஷத்துல ஓஞ்சிடும். சின்னதை வச்சிட்டு ரெண்டு ரூமையும் திறந்துவிட்டீங்கன்னா ரெண்டுமே குளிரும். ஒண்ணாவது உருப்படணும்ல?"

"ஒரு தடவை வச்சா எவ்வளவு நாள்?"

"சரியான அளவுன்னா பதினஞ்சு வருஷம்."

பதினைந்து வருஷம். அவள் மனதுக்குள் கூட்டினாள். எழுபத்து நான்கு வயது வரை. எழுபத்து நான்கு வயதில் இந்த மேஜையில் ஒரே ஒரு கப். கணக்கில் ஒன்றும் தப்பில்லை.

டிரைவர் சொன்னது இன்னும் காதில் இருந்தது. இனிமேல் குளிர்காலத்திலும் ஏரிக்கரையிலேயே இருக்கப்போகிறேன் என்று அவள் அறிவித்த அன்று, ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே சொன்னார்: "முப்பத்தோரு வருஷம் விடிகாலைக் குளிர்ல வண்டி எடுத்தாச்சு. ரிட்டயர் ஆகியும் போய்க் குளிர்ல உக்காரணும்னு எனக்கென்ன தலையெழுத்தா? நீ போ. நான் வரல." சண்டை இல்லை. குரல்கூட உயரவில்லை. அவள் சரி என்றாள். அடுத்த மாதக் கடைசியில் அவருக்கும் ஓய்வு. அதற்குப் பிறகு நகரத்து வீட்டில் அவர், ஏரிக்கரையில் அவள். இருவருமே வாயைத் திறந்து இன்னொரு முறை கேட்கிற ஜாதி இல்லை.

பின் அறை அவருக்கென்று ஆனதும் சண்டையில் இல்லை. விடிகாலை மூன்று ஐம்பதுக்கு அலாரம் வைக்கிறவர் அவள் தூக்கம் கெடக் கூடாதென்று அங்கே படுக்கப் போனார். ஒரு கோடைக்கு என்று போனவர் பத்துக் கோடை அங்கேயே படுத்தார்.

"நான் பென்சில்லதான் எழுதுவேன்" என்றார் அளவுக்காரர், நோட்டை மூடியபடி.

அவருக்கென்று ஒரு முறை இருந்தது. சுவர்க் கணக்கை மட்டும் அவர் நம்புவதில்லை. வீட்டையே கேட்கவேண்டும் என்பார். முன் அறையின் நடுவில் ஒரு மின்சார ஹீட்டரை வைத்தார். அறை இருபது டிகிரியில் நிற்க எவ்வளவு மின்சாரம் வேண்டுமோ அவ்வளவை மட்டும் இழுக்கும்படி திருகினார். பக்கத்தில் ஒரு மீட்டர். முன் அறைக்கு ஒரு வெப்பமானி, சூடில்லாத பின் அறைக்கு ஒன்று, வெளிச்சுவருக்கு ஒன்று. ஒவ்வொன்றும் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை தானாகக் குறித்துக்கொள்ளும்.

"மூணு ராத்திரி. வெள்ளி, சனி, ஞாயிறு. திங்கக்கிழமை வந்து எடுக்கிறேன். அதுவரைக்கும் யாரும் உள்ள வரக் கூடாது. நீங்களும்தான்."

"நான் வந்து சும்மா உக்காந்தா என்ன?"

"சும்மா யாரும் உக்கார முடியாதுக்கா. மனுஷன் உக்காந்தாலே நூறு வாட். ஒரு குண்டு பல்பு. நீங்க ஒரு பல்பு, நான் ஒரு பல்பு. உள்ள வந்தீங்கன்னா ஹீட்டர் நூறு வாட் கம்மியா இழுக்கும். என் கணக்கு கெட்டுப்போகும்."

முன் கதவில் ஒரு அட்டையை ஒட்டினார். 'அளவெடுப்பு நடக்கிறது. கதவைத் திறக்காதீர்கள்.' நடுக் கதவின் பின்புறத்திலும் அதே போல ஒன்று.

திரும்பும் பஸ்ஸில் அவள் எண்ண ஆரம்பித்தாள். கம்பளித் தொப்பிக்காரர் நூறு. மடியில் பையை வைத்துத் தூங்குகிற நர்ஸ் நூறு. அம்மாவும் கைக்குழந்தையும் நூற்று முப்பது இருக்கலாம். சந்தை நிறுத்தத்தில் ஒரே நெரிசலாக ஏறினார்கள். நாற்பது பேர், நான்கு கிலோவாட். ஜன்னல் கண்ணாடி மெல்ல வேர்த்தது. ஒரு பஸ் நிறைய ஆள் இருந்தால் மரவீட்டை அப்படியே சூடாக்கிவிடலாம். எல்லோரையும் அழைத்துப்போய் உட்கார வைக்கவேண்டும், அவ்வளவுதான். ஒருவரும் ஒன்றும் செய்ய வேண்டாம். இருபத்தெட்டு வருஷம் இத்தனை பேரை இங்கேயும் அங்கேயும் அனுப்பியிருக்கிறாள். இவர்கள் எரிந்துகொண்டிருப்பது இதுவரை அவளுக்குத் தெரியாது.

அன்று மாலை நகரத்து வீட்டில் டிரைவர் வெந்நீர் நிரப்பிய வாளியில் வலது காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த முட்டி எட்டு வருஷமாக மடங்க மறுக்கிறது.

"எவ்வளவு பெரிசாம்?" என்றார்.

"ஒரு ரூமுக்கு."

"ம்."

"திங்கக்கிழமை வரைக்கும் நான் அங்க போகக் கூடாதாம். ஹீட்டர் மட்டும் ஓடும்."

"அப்போ அங்க யாரும் இருக்க மாட்டாங்க."

"இருக்கக் கூடாது."

"ம்" என்றார் மறுபடியும். வாளிக்குள் கட்டை விரலை அசைத்துப் பார்த்தார். "எனக்கு நாளைக்கும் மறுநாளும் ஹால்ட். அங்கேயே படுத்துட்டுக் காலையில வண்டி எடுக்கணும்."

"எந்த ஊர் ஹால்ட்?"

"புதுசா போட்டிருக்கான். உன் சீட்டுல வந்திருக்கானே, அவன் ஒருத்தன், நிமிஷத்தை எல்லாம் அஞ்சஞ்சா ரவுண்டு பண்றான். நீ பாத்தா ரத்தம் கொதிக்கும்."

அவளுக்கு உண்மையிலேயே கொதித்தது. அந்தக் கோபத்தில் எந்த ஊர் என்று கேட்டதை மறந்துவிட்டாள்.

சனிக்கிழமை மதியம் அவர் பையோடு போனார். ஞாயிறு காலை வந்தார். மதியம் சாப்பிட்டுவிட்டு மறுபடி போனார். இரண்டு இரவும் அவள் சீக்கிரமே படுத்துத் தூங்கிப்போனாள். ஞாயிறு இரவு ஒரு கனவு வந்தது. மரவீட்டில் எல்லா நாற்காலியிலும் குண்டு பல்புகள் உட்கார்ந்திருந்தன. ஒன்று மட்டும் உட்கார இடமில்லாமல் கதவோரம் நின்றது. அதன் கம்பி வலது பக்கம் கொஞ்சம் வளைந்திருந்தது.

திங்கட்கிழமை பத்து மணிக்கு அவள் மரவீட்டுக்குப் போனபோது அளவுக்காரர் ஏற்கெனவே கருவிகளைச் சேகரித்துவிட்டு, வேனிலிருந்த சின்ன அச்சு எந்திரத்தில் காகிதம் எடுத்துக்கொண்டு வந்து மேஜையில் விரித்திருந்தார். முகம் சரியாக இல்லை.

"அக்கா, யாரையாவது உள்ள விட்டீங்களா?"

"இல்லையே."

"சாவி வேற யார்கிட்டயாவது இருக்கா?"

அவள் பதில் சொல்வதற்குள் அவர் காகிதத்தைத் திருப்பி வைத்தார். மூன்று கோடுகள் பக்கவாட்டில் நீளமாக ஓடின. முன் அறைச் சூடு, பின் அறைச் சூடு, ஹீட்டர் இழுத்த மின்சாரம்.

"இது வெள்ளிக்கிழமை. பாருங்க, கோடு தூங்குது. வீடு காலியா இருந்தா இப்படித்தான். இது சனிக்கிழமை. சாயங்காலம் ஏழு பத்துக்குப் பின் ரூம்ல சட்டுனு ரெண்டு டிகிரி விழுது. பின்வாசலை யாரோ திறந்திருக்காங்க. அதுக்கப்புறம் ஏறுது. மெதுவா. வெளிய குளிர் கூடக்கூட உள்ள ஏறுது. குளிர் ராத்திரியில தன்னால சூடேறுற ரூம் எங்கயும் கிடையாது. விடியும்போது ஒம்பது டிகிரி. காலையில ஆறு இருபதுக்கு மறுபடி வாசல்."

"ஒரு ஆளா?"

"ஒரே ஆள். நூறு வாட். முன் ரூம் பக்கமே வரல. அட்டையைப் படிச்சிருக்காங்க." அவர் அடுத்த காகிதத்தை இழுத்தார். "ஞாயித்துக்கிழமை. அதே ஏழு பத்து. அதே பின்வாசல். ஆனா இங்க பாருங்க, பதினொண்ணு இருபது. நடுக் கதவு திறந்திருக்கு. முன் ரூம் சூடு இறங்குது, ஹீட்டர் பதறிப்போய் இழுக்குது. கதவை மூடிட்டாங்க. அப்புறம் பாத்தா ஹீட்டர் நூறு வாட் கம்மியா இழுக்குது. ஆளு இந்த ரூமுக்கு வந்தாச்சு. காலையில அஞ்சு பத்துக்கு ஹீட்டர் சட்டுனு இன்னும் தணியுது, கெட்டில் போட்டிருக்காங்க. அஞ்சு முப்பத்தஞ்சுக்குப் போயிட்டாங்க."

அவள் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"போலீஸுக்குச் சொல்லணுமா?" என்றார். "ஆனா திருடன்னா என் ஹீட்டரையாவது தூக்கிட்டுப் போயிருப்பான். வெந்நீர் குடிச்சிட்டுக் கப்பைக் கழுவிக் கவுத்து வச்சிட்டுப் போற திருடனை நான் இதுவரைக்கும் பாத்ததில்ல."

தொட்டியோரம் ஒரே ஒரு கப் கவிழ்ந்திருந்தது.

அவளுக்குக் கப் வேண்டியிருக்கவில்லை. ஏழு பத்து போதும். நகரத்திலிருந்து வரும் கடைசி பஸ் ஏரித் திருப்பத்தில் ஆறு ஐம்பத்திரண்டுக்கு நிற்கும். அந்த நேரத்தைப் போட்டவள் அவள். திருப்பத்திலிருந்து வீட்டுக்கு அவள் பதினான்கு நிமிஷத்தில் நடப்பாள். முட்டி மடங்காத ஒரே ஒரு ஆளுக்குப் பதினெட்டு ஆகும். ஆறு ஐம்பத்திரண்டும் பதினெட்டும் ஏழு பத்து. இன்று காலை ஐந்து முப்பத்தைந்தும் பதினெட்டும் ஐந்து ஐம்பத்து மூன்று; வார நாளின் முதல் வண்டி. ஞாயிற்றுக்கிழமை முதல் வண்டி ஆறு முப்பத்தெட்டுக்குத்தான் என்பது ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. குளிரில் நின்றுவிட்டு அவளைத் திட்டுவார்கள். ஆறு இருபதுக்கு வீட்டை விட்டுக் கிளம்பியவருக்குத் தெரிந்திருக்கிறது. மற்ற தடங்களை எல்லாம் ஐந்தைந்தாக மாற்றிய புது ஆள் ஏரித் தடத்தில் மட்டும் இன்னும் கை வைக்கவில்லை.

அவள் எழுந்து பின் அறைக்குப் போனாள். சுவரில் சாய்த்திருந்த மெத்தை சாய்த்தபடியே இருந்தது. கம்பளி மட்டும் மாறியிருந்தது. நாலாக மடித்து, ஓரம் உள்ளே போகும்படி, சலவைக் குறி மேலே தெரியும்படி. டிப்போ ஓய்வறையில் கம்பளியை அப்படி மடிக்காவிட்டால் மேஸ்திரி கத்துவார். முப்பத்தோரு வருஷம் மடித்த கை.

திரும்பி வந்து தன் கட்டிலில் உட்கார்ந்தாள். விரிப்பில் சுருக்கம் இல்லை. அவளே விட்டுப்போனதைவிட இழுத்துச் சரிசெய்யப்பட்டிருந்தது.

"தூங்கினாரா?" என்றாள்.

அளவுக்காரர் அவளை நிமிர்ந்து பார்த்தார். யார் என்று கேட்கவில்லை. காகிதத்தின் மேல் குனிந்து விரலால் தடவினார்.

"தூங்கினா மனுஷன் கொஞ்சம் தணிவான். நூறு வாட் எழுபத்தஞ்சா குறையும். என் மீட்டர் அவ்வளவு நுணுக்கமா சொல்லாது. ஆனாலும்..." விரல் நின்றது. "ஒரு மணி வரைக்கும் நூறுக்கு மேலதான் இருக்கு. ஒண்ணேகாலுக்கு மேல இறங்குது. அப்புறம் ஆடாம அசையாம ஒரே கோடு."

அவள் அந்தக் கோட்டின் மேல் கையை வைத்தாள். காகிதம் குளிர்ந்திருந்தது. பதினொன்று இருபதிலிருந்து ஒன்றேகால் வரை அவர் இந்த இருட்டில் என்ன செய்தார் என்று கோடு சொல்லவில்லை. ஜன்னல் ஏரியைப் பார்த்த ஜன்னல். பார்த்துக்கொண்டு படுத்திருக்கலாம்.

"கணக்கு கெட்டுப்போச்சா?"

"வெள்ளிக்கிழமை ராத்திரி இருக்கே. அது போதும் எனக்கு." அவர் நோட்டைத் திறந்தார். ஒருவர் என்று எழுதிய இடத்தில் அழிரப்பரை வைத்துக் காத்திருந்தார். "சொல்லுங்க."

"ரெண்டு பேரும் இந்த ரூம்லயே இருந்தா?"

"சின்னதே போதும். ரெண்டாவது ஆளு அவர் சூட்டை அவரே கொண்டாந்துடறார். எந்திரத்துக்குச் சுமை இல்ல, ஒத்தாசை."

"அவர் பின் ரூம்ல இருந்தா?"

"அப்போ அஞ்சு. நடுக் கதவை மூடி வச்சிட்டு ரெண்டு ரூமும்னா சின்னது தாங்காது." ரப்பரால் மேஜையை மெல்லத் தட்டினார். "எத்தனை பேருன்றது எனக்குப் பெரிய விஷயமில்லக்கா. எந்த ரூம்ன்றதுதான்."

அவள் நடுக் கதவைப் பார்த்தாள்.

"நாலு மணிக்குள்ள போன் பண்ணுங்க. இந்த வாரம் பொருத்தலேன்னா அப்புறம் ஜனவரிக்குத்தான் ஆள் கிடைப்பாங்க. ஜனவரியில நீங்க இங்க உறைஞ்சிருப்பீங்க."

அவர் போன பிறகு வீடு அவர் சொன்னதுபோல அமைதியாக இருந்தது. ஹீட்டர் இல்லாமல் முன் அறை மெல்ல ஆறிக்கொண்டிருந்தது. அவள் நடுவில் நின்று ஷூவைக் கழற்றினாள். கண்ணை மூடினாள். பலகை சில்லென்றிருந்தது. வடக்கு ஜன்னலிலிருந்து நூல்போல ஒரு குளிர் கணுக்காலைச் சுற்றியது. அதற்கு மேலே, கட்டில் இருந்த பக்கத்தில், இன்னும் ஏதோ மிச்சம் இருப்பதாகப் பட்டது. இருக்க முடியாது. ஐந்து மணி நேரம் ஆகிவிட்டது. நூறு வாட் எவ்வளவு நேரம் தங்கும் என்று கேட்டிருக்கலாம்.

குளிருக்காக அவர் இந்த அறைக்கு வந்திருக்கலாம். ஒன்பது டிகிரியில் ஒரு இரவு முட்டியோடு போராடியவர் இரண்டாவது இரவு சூட்டைத் தேடி வந்திருந்தால் அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. நாய்கூட வரும். அப்படியென்றால் அவர் அறையைச் சூடாக்கினால் அங்கேயே படுப்பார். ஐந்து.

குளிருக்காக இல்லையென்றால் மூன்று.

ஒன்று பத்து வண்டி திருப்பத்தில் நின்றிருந்தது. இந்த வாரம் பகலில் அந்தத் தடம் டிரைவருக்கு. அது அவளுக்குத் தெரிந்துதான் பதினான்கு நிமிஷத்தைப் பன்னிரண்டில் நடந்து வந்தாள். அவர் கீழே இறங்கி, டயரில் ஒரு காலை வைத்து முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வண்டியில் ஆள் இல்லை.

"என்ன நிமிஷம், முன்னாடியே வந்துட்டே? உடம்பு சரியில்லையா?"

"நீங்கதான் லேட்டா கிளம்பப் போறீங்கன்னு பாத்தேன்."

"இன்னும் நாலு நிமிஷம் இருக்கு."

"மூணு."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றுதான்.

"ஹால்ட் எப்படி இருந்துச்சு?" என்றாள்.

"ஹால்ட் ஹால்ட் மாதிரி இருந்துச்சு." டயரிலிருந்து காலை எடுத்தார். "கம்பளி ஒரே பூச்சி மருந்து வாசனை. எலிப்பொந்து மாதிரி ஒரு ரூம்."

பின் அறை அலமாரியில் பூச்சி உருண்டை போட்டு வைத்தவள் அவள்.

"அளவுக்காரர் என்ன சொன்னார்?"

"நாலு மணிக்குள்ள நான் சொல்லணுமாம்."

"நீ சொன்னா முடிஞ்சுது. எப்பவும் நீதானே நேரம் போடுவே, நாங்க ஓட்டுவோம்." அவர் ஏறி இருக்கையில் உட்கார்ந்தார். வலது காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டார். "ஏறு. அப்புறம் ஒரு நிமிஷம் லேட்டுன்னு எழுதிப் போட்டுடுவே."

அவள் ஏறினாள். மூன்று நிமிஷம் இருந்தது, அதில் கேட்டிருக்கலாம். அவர் கண்ணாடியைச் சரிசெய்தார், கையுறையைப் போட்டார், கதவை மூடினார். அவள் எப்போதும் உட்காரும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். வண்டி சரியாக ஒன்று பத்துக்கு நகர்ந்தது.

டிரைவரின் தலைக்கு மேலே பலகை இருந்தது. 'வண்டி ஓடும்போது டிரைவருடன் பேசக் கூடாது.' அந்தப் பலகையை எல்லா வண்டியிலும் மாட்டச் சொல்லிச் சுற்றறிக்கை போட்டவள் அவள்தான். கல்யாணமான புதிதில்கூட இந்த மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, அவர் பிடரியைப் பார்த்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் வீடு வரை போயிருக்கிறாள். மற்ற டிரைவர்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

இரண்டு பக்கமும் ஏரி. பனி விலகிவிட்டிருந்தது, தண்ணீருக்கு மேலே வெளிச்சம் மட்டும் மிதந்தது. சாலை எங்கே முடிந்து தண்ணீர் எங்கே தொடங்கியது என்று தெரியவில்லை. வண்டி தரையைத் தொடாமல் போவதுபோல இருந்தது. நாற்பத்தைந்து இருக்கைகள். உள்ளே இருநூறு வாட். முன் கண்ணாடியின் ஓரத்தில், அவர் மூச்சுப் படுகிற இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு வேர்த்திருந்தது. அவள் தன் பக்கத்து ஜன்னலைப் பார்த்தாள். அங்கேயும் கொஞ்சம் வேர்த்திருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஐந்தாறு அடி தெளிவான கண்ணாடி.

அடுத்த நிறுத்தத்துக்கு ஒன்பது நிமிஷம். சந்தை வந்தால் ஆட்கள் ஏறிவிடுவார்கள்.

அட்டையைப் படித்துவிட்டு ஒரு இரவு முழுக்கக் குளிரில் கிடந்த மனுஷன் அடுத்த இரவு அந்த அட்டை ஒட்டிய கதவைத் திறந்திருக்கிறார். பதினொன்று இருபதுக்கு. கதவின் முன்னால் எத்தனை நிமிஷம் நின்றார் என்பதும் கோட்டில் இல்லை.

அவள் எழுந்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனாள். முதல் வரிசையைத் தாண்டி, மஞ்சள் கோட்டைத் தாண்டி, பலகைக்கு நேர் கீழே போய் நின்றாள். கண்ணாடியில் அவர் கண்கள் அவளைப் பார்த்தன. பிறகு பலகையைப் பார்த்தன. பிறகு சாலைக்குத் திரும்பின. ஸ்டீயரிங்கின் மேல் இரண்டு கையும் அசையவில்லை.

அவள் குனிந்தாள்.

"பின் ரூம்ல ரொம்பக் குளிருச்சா?"